சிவப்பு ஐசியின் விலை

கடந்த வருடம் எங்கள் கம்பெனிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் 'அண்ணா' என்றே கூப்பிடுகிறேன். ஈப்போவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போனாலும் அவர் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். வேலை பாஸைப் புதுப்பிக்க பாஸ்போர்ட் போயிருக்கிறது. பாஸ்போர்ட் கையில் இல்லாததால் வங்கியில் ஒரு வேலை நிற்கிறது. வாடகை வீட்டுக்கு இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணிக்கும் கரண்டுக்கும் தனியாக அரை மாதம். மனைவிக்கு வேறு பாஸ். தனி அனுமதி இல்லாமல் அந்தப் பாஸில் வேலைக்குப் போக முடியாது. கல்யாணப் பத்திரத்துக்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை, முத்திரைக்கு ஒரு நடை.

"ஒரு பேப்பர் கேட்டா, அந்தப் பேப்பர் வாங்க இன்னொரு பேப்பர் கேக்குறாங்க தம்பி. ஒங்களுக்கென்ன, இந்த ஊர்க்காரங்க" என்றார்.

நான் சிரித்து வைத்தேன். இந்த ஊர்க்காரங்க என்பது சரிதான். என் அடையாள அட்டையின் நடுவில் 08 என்று இருக்கிறது. பேராக்கில் பிறந்தவன் என்று அர்த்தம். ஆனால் புந்தோங்கில் எங்கள் வீட்டு அலமாரியில் நீல நிற ஃபைல் ஒன்று இருக்கிறது. அதை அண்ணனிடம் காட்டினால் அவர் தன் பாஸ் கதையைச் சொல்வதை நிறுத்திவிடுவாரோ என்று தயங்கினேன். அது என் பாட்டியின் ஃபைல்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர், 1944 வாக்கில். மலாயாவை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. எழுபது வயது தாண்டும் வரைக்கும் அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி. அதாவது நிரந்தரவாசி, பிரஜை இல்லை. ஓட்டு கிடையாது, மலிவு வீடு கிடையாது, அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை கிடையாது.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறையில் நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். "அப்பவே ஒரு ஃபாரம் நெரப்பிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். நம்ம ஆளுங்களுக்கு எல்லாத்துலயும் அலட்சியம்." இது நான் கண்டுபிடித்த வசனம் இல்லை. சிவப்பு ஐசி பேச்சு வந்தால் மேடையிலும் திருமண வீட்டிலும் படித்த தமிழர்கள் சொல்லும் வசனம்தான். படிப்பறிவில்லாத சனம், மெர்தேக்கா சமயத்தில் பதியாமல் விட்டுவிட்டது. பாட்டி பதில் எதுவும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்தைச் சரிபார்க்கும் முயற்சி. நான் வரலாறு படித்தவன் இல்லை, இயந்திரப் பொறியியல் படித்தவன். ஒரு பொருள் ஏன் உடைந்தது என்று கேட்டால் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுந்தது என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி.

தொடக்கத்திலிருந்தே பார்த்தால், தோட்டத்துக்கு வந்த ஆளின் காகிதம் அவன் கையில் இருந்ததில்லை. கங்காணி முறையில் லைசென்ஸ் கங்காணியின் பேரில்தான் இருக்கும். அவர் ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். இவர்கள் போவதற்குத் தடையில்லை என்று கிராம முன்சீப் கையெழுத்துப் போடுவார். நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாமில் ஆட்களைப் பார்த்துக் கப்பலேற்றுவார்கள். 1907-ல் வந்த சட்டப்படி கப்பல் செலவுக்கென்று ஒரு குடியேற்ற நிதி இருந்தது. தொழிலாளர்கள் வேலை செய்த நாட்களை எண்ணி, அந்தக் கணக்கில் தோட்ட முதலாளிகள் நிதிக்குப் பணம் கட்டினார்கள். நம் ஆட்களை இந்த நாடு முதன்முதலாக எண்ணியது பேர் பேராக இல்லை, நாள் நாளாக. இந்த 'நாள்' என்ற அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரப்பர் விலை விழுந்த 1930-களின் தொடக்கத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அதே நிதிச் செலவில் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடியும் அழைத்தார்கள். 1936 கடைசியில் இந்திய அரசாங்கம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை அனுப்பி நிலைமையைப் பார்த்துவரச் சொன்னது. ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று பழைய சம்பளத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்பது அவர் பரிந்துரை. 1938-ல் முதலாளிகள் மறுபடியும் சம்பளத்தில் கை வைத்தபோது, ஜூன் மாதம் இந்தியா ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் கொள்ளுத் தாத்தா பாட்டிகள் அதற்கு முன்னால் இறங்கியவர்கள். இவர்களைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: இவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

இதில் பேராக்கில் பிறந்தவர்களுக்குத் தனி நஷ்டம் ஒன்று உண்டு. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நேரடி பிரிட்டிஷ் குடியேற்றங்கள். அங்கே பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. பேராக் சுல்தானின் மாநிலம், பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தது, அவ்வளவுதான். பாரிட் புந்தாரில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு அந்தப் பிரஜை உரிமை இல்லை. சில மைல் தள்ளி, பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபாலில் பிறந்திருந்தால் உண்டு. தாய்க்கு எந்த ஊரில் வலி கண்டது என்பதைப் பொறுத்த விஷயம் அது. 1948-ல் மலாயா கூட்டரசு அமைந்தபோது குடியுரிமை விதிகளில் இந்த வித்தியாசம் அப்படியே தொடர்ந்தது.

அதே வருஷம்தான் ஐசி பிறந்தது. அது பிறந்த இடம் எங்கள் ஊர் பக்கம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்தின் துரை ஆர்தர் வாக்கரை அவர் ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். சிறிது நேரத்தில் சில மைல் தள்ளியிருந்த இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் இருப்பவன் யார், வெளியே இருப்பவன் யார் என்று பிரித்தறிய, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் போட்டோ எடுத்துக் கைரேகை வாங்கி அட்டை கொடுத்தார்கள்.

பாட்டியின் அம்மாவை எங்கள் வீட்டில் 'பெரியாத்தா' என்பார்கள். அவர் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. கையில் ஒரு மகனும் இடுப்பில் என் பாட்டியுமாகப் பால் வெட்டிக்கொண்டிருந்த பெரியாத்தாவுக்கு அட்டை கிடைத்த கதையைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். பெரட்டுக் களத்தில் போட்டோக்காரன் வந்து நாற்காலி போட்டான். அதுதான் பெரியாத்தா உட்கார்ந்த முதல் நாற்காலி. லயத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை, அரிசி அளந்துதான். அட்டை இல்லாமல் பால் வெட்டப் போக முடியாது. அட்டையோடு போனால், காட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவார்கள். அரசாங்கத்தின் பதிவைக் கெடுக்க அவர்கள் நாடு முழுக்கச் செய்த வேலை அது. கிழிந்த அட்டையோடு போலீஸுக்குப் போனால் "யாரைப் பார்த்தே, எங்கே பார்த்தே" என்று விசாரணை. அதனால் பெரியாத்தா அட்டையை ரவிக்கைக்குள் துணிச் சுருளில் வைத்திருந்தாராம். காகிதம் என்றால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். அந்தத் தலைமுறைக்குக் காகிதம் என்றால் மாட்டிக்கொள்ளும் பொருள். ஆபீசில் நீட்டப்படும் ஃபாரத்தைக் கண்டு அவர்கள் தயங்கியதை 'அறியாமை' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பத்தாண்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வேலை தேடி வருவதற்கான கதவு கிட்டத்தட்ட மூடியது. அதுவரை 'ஊருக்குப் போய் வருவது' என்பது கப்பல் காசுச் சமாச்சாரம். அதற்குப் பிறகு அனுமதிச் சமாச்சாரம். திரும்பி வர முடியுமா என்று தெரியாமல் தாயின் சாவுக்குக்கூடப் போகாதவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள் என்பார் பாட்டி.

இனி 1957-க்கு வருகிறேன். மெர்தேக்கா அரசியலமைப்பு உண்மையில் தாராளமான வாசல் ஒன்றைத் திறந்தது, அதை மறைக்கக் கூடாது. மெர்தேக்கா நாளன்றோ அதற்குப் பிறகோ இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்கு முன்னால் இங்கே பிறந்தவர்கள், 18 வயதாகி, கடைசி 7 வருடத்தில் 5 வருடம் இங்கே இருந்திருந்தால், பதிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஒரு வருடத்துக்கு அந்த நிபந்தனையும் இல்லை. வெளியில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கும் கடைசி 12 வருடத்தில் 8 வருடம் என்று கணக்கு வைத்து வழி இருந்தது. ம.இ.கா.வும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் 'பிரஜாவுரிமை எடுங்கள்' என்று பிரச்சாரம் செய்தன. நிறைய பேர் எடுத்தார்கள். என் தாத்தா எடுத்தார். அவர் அப்பா தோட்டத்து டிரெசருக்குக் கை உதவியாக இருந்தவர், பிள்ளைகள் பிறந்தபோதே பதிந்து வைத்திருந்தார். அந்த ஒரே காரணத்தால் தாத்தா 'விவரமானவர்', பெரியாத்தா 'விவரமில்லாதவர்' என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு பட்டங்கள்.

பெரியாத்தாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆபீசில் கட்டும் கட்டணம் பெரிதில்லை. பால் வெட்டுக்காரருக்கு விடிவதற்கு முன்னால் பெரட்டு. வெளிச்சம் வரும்போது மரத்தில் கத்தி. பத்து மணிக்கு மேல் மங்குகளிலிருந்து பாலெடுத்து, தோளில் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்துப் போட மத்தியானம் ஆகிவிடும். அதற்குப் பிறகு குளித்து, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்து டவுனுக்குப் போனால் கவுண்டர் மூடும் நேரம். ஆக, டவுனில் ஒரு கையெழுத்து என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. போட்டோ எடுக்க ஒரு நாள். ஃபாரம் நிரப்ப ஆள் தேடி ஒரு நாள், நிரப்புகிறவருக்குக் கைக்கூலி. குறிப்பு ஏதாவது தவறென்று திருப்பிவிட்டால் இன்னொரு நாள். மழை நாளில் மரம் வெட்ட முடியாது, அன்றைக்கும் சம்பளம் இடிக்கும். அப்போது நாள் சம்பளம் இரண்டு மூன்று வெள்ளி என்று பாட்டிக்கு ஞாபகம். நாலு நாள் போனால் கடையில் வாங்கிய அரிசிக் கடன் அடுத்த மாதத்துக்குப் போகும். புருஷன் பெண்டாட்டி இருவரும் வெட்டுகிற வீட்டில் ஒருவர் போய் ஒருவர் வெட்டலாம். பெரியாத்தா வீட்டில் ஒரே கத்தி.

இந்த நாட்களையும் எப்படியோ கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது கிராணி. பிறப்பைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிய வேண்டும், தோட்டத்தில் அதைச் செய்வது பெரும்பாலும் கிராணியோ டிரெசரோதான். அவர்கள் காதில் விழுந்த பெயர் ஆங்கிலத்தில் விழும். பாட்டியின் பெயர் லெட்சுமி. அந்த ஃபைலில் அவர் மூன்று பேராக இருக்கிறார். ஒன்றில் 'எல், ஈ, டி, சி, ஹெச்' என்று ஆரம்பித்து 'வை'யில் முடிகிறார், இன்னொன்றில் 'ஐ'யில் முடிகிறார், மூன்றாவதில் 'கே' வந்து 'லக்ஷ்மி' ஆகிவிட்டார். ஒரு பாட்டியின் மூன்று எழுத்துக்கூட்டலும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்த தாள் தனியாக இருக்கிறது. அதற்கும் ஒரு நாள். எந்தக் கிராணி மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவரும் துரைக்குப் பயந்து, மாதக் கடைசியில் செக்ரோல் முடிக்கிற அவசரத்தில் எழுதியவர்தான்.

ஆனால் 1944-ல் அந்தக் கிராணியும் இல்லை. துரைகள் ஓடிவிட்டார்கள், பாதிப் பேரை ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் இருந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். பாட்டி பிறந்ததை யாரும் எங்கேயும் எழுதவில்லை. 1962-ல் அவருக்கு 18 ஆனபோது சட்டப்படி பதிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. இங்கேதான் பிறந்தேன் என்று நிரூபிக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு என்ன வழியென்றால், பிறந்ததைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் சத்தியம் செய்து கொடுக்கலாம். லயத்தில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டு மாமா இருந்தார்.

'இருந்தார்கள்' என்று ஏன் எழுதுகிறேன் என்றால், தோட்டமே அப்போது உடைந்துகொண்டிருந்தது. 1950-களிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசிஸ் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கையே எழுதியிருக்கிறார். துண்டான தோட்டத்தில் லயமும் வேலையும் சேர்ந்தே போகும். மருத்துவச்சிப் பாட்டியின் குடும்பம் தெலுக் இந்தான் பக்கம் போய்விட்டது. அந்தக் காலத்தில்தான் சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வந்தது, அடுத்த வருஷம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பெரியாத்தா அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். மாதாமாதம் தோட்டத்துக்கே வந்து, தமிழில் கேட்டு, ரசீது கொடுத்தபோது அவர் கட்டினார். அலட்சியக்காரி என்றால் அதைத்தானே முதலில் விட்டிருக்க வேண்டும்?

1969-ல் எல்லாம் ஒரே அடியில் மாறியது. முந்தைய வருடம் நிறைவேற்றிய வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பிரஜை இல்லாதவர்கள் வேலை செய்ய 'பெர்மிட்' எடுக்க வேண்டும். பிரஜைகளில் ஆள் கிடைத்தால் அந்த வேலை அவர்களுக்கு. மே 13 கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது. முப்பது வருஷம் ஒரே மரத்தை வெட்டியவர் அந்த மரத்தை வெட்ட அனுமதி கேட்க வேண்டிய நிலை. இன்றைக்கு எக்ஸ்பாட் என்று நாம் சொல்கிற ஆட்களுக்கு, கோயம்புத்தூர் அண்ணனுக்கு, உள்ள அதே விதிதான். ஒரு வித்தியாசம்: அண்ணன் பெர்மிட் வாங்கிக்கொண்டு வந்தார், இவர்களைத் தேடி பெர்மிட் வந்தது. சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

பாட்டியின் அண்ணனும் போனார். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு சைக்கிளும் இரண்டு டிரங்குப் பெட்டியுமாகப் பினாங்கில் 'ரஜூலா' ஏறினார். பக்கத்து வீட்டு மாமாவும் அதே கப்பல். அழுகை, மாரியம்மன் கோயில் திருநீறு, 'லெட்டர் போடு' எல்லாம் முடிந்த பிறகு யாரும் யோசிக்காத ஒன்று நடந்திருந்தது. என் பாட்டி இந்த மண்ணில் பிறந்தார் என்று சத்தியம் செய்யக் கூடிய கடைசி இரண்டு பேரும் கப்பலேறிவிட்டார்கள். பெரியாத்தா அதற்கு முந்தின வருஷமே இறந்துபோயிருந்தார்.

இந்த இடத்தில் நான் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டேன். 'ஒரு ஃபாரம் நெரப்பியிருந்தா' என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

இன்னொரு வாசல் இருந்ததே என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்கலாம். பிரஜையின் மனைவி தன்னைப் பதிந்துகொள்ளலாம். தாத்தாவிடம் நீல ஐசி இருந்தது. இருந்தது, ஆனால் கல்யாணத்துக்குத் தாள் இல்லை. 1965-ல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், நூற்றைம்பது பேர் சாப்பிட்ட கல்யாணம். இந்துக் கல்யாணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிற சட்டம் 1976-ல் எழுதப்பட்டு 1982 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்தவை சட்டப்படி செல்லும் என்றார்கள், ஆனால் கவுண்டரில் கேட்பது தாளை. தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளை எடுத்த பிறகு கல்யாணத்தைப் பதியப் போனார்கள். "தாலி எங்க கட்டுனீங்கன்னு கேட்டான். கழுத்துலன்னேன்" என்று பாட்டி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா 1967-ல் பிறந்தவர். 1962-ல் பிறப்புரிமை விதியைச் சுருக்கியபோது, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. தாத்தா பாட்டி கல்யாணத்துக்குத் தாள் இல்லாததால், தகப்பன் பேரில் கேள்வி எழுந்தால்கூட அப்பாவைக் காப்பாற்றக் கூடியது 'நிரந்தரவாசி' என்ற அந்த ஒரு சொல்தான். சிவப்பு ஐசி பாட்டிக்கு ஒன்றும் செய்யவில்லை, பிள்ளைக்கு ஒரு காப்பாக நின்றது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நியாயம் செய்தது. அதைக் கொண்டாடினோம், சரிதான். அதே திருத்தத்தில் இந்த 'நிரந்தரவாசி' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்களைப் பாதிக்காது, இனிப் பிறக்கப்போகிறவர்களுக்குத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் ஓய்வுக் காலத்தைக் கழிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் கொஞ்சப் பேர் உண்டு. 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' திட்டத்தில் மாத வருமானம் 10,000 வெள்ளி என்றிருந்த நிபந்தனையை 2021-ல் 40,000 ஆக்கி, பத்து லட்சம் வைப்புத்தொகை கேட்டார்கள். அவர்கள் கத்தினார்கள், கத்தியது பத்திரிகையில் வந்தது, பிறகு விதியும் மாறியது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நான் கேலி செய்யவில்லை. விலை எவ்வளவு என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள் என்பதை மட்டும் கவனிக்கிறேன். பாட்டிக்கு யாரும் விலை சொன்னதில்லை. மூன்று முறை விண்ணப்பித்தார். இரண்டு முறை நேர்காணல். ஒரு முறை ருக்குன் நெகாரா ஐந்தையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள், நான்காவதில் திக்கினார். சீனக் கடையிலும் மலாய்க் கம்பத்திலும் அறுபது வருஷம் பேசிய பாசார் மலாய் அந்த மேசையில் செல்லவில்லை. வந்த கடிதங்கள் 'டுக்காச்சித்தா' என்று தொடங்கின, வருந்துகிறோம் என்று. என்ன காரணம் என்று ஒரு வரி இல்லை.

அந்த ஃபைலை வைத்து நான் எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டேன். கட்டணம், போட்டோ, பஸ், டாக்சி, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்தாலும் அண்ணனின் ஒரு மாத வாடகையைத் தாண்டவில்லை. பக்கத்துக் கட்டத்தில் நாட்களை எழுதினேன். பாட்டி சொன்னவை, பெரியாத்தா பற்றிக் கேட்டவை, அப்பா லீவு போட்டவை. ஐம்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன்.

2018-ல் வந்த புதிய அரசாங்கம், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று அறிவித்தது. அந்தக் கணக்கில் பாட்டி சேர்ந்தாரா, அல்லது மூன்றாவது விண்ணப்பம் தானாகக் கனிந்ததா என்று எங்களுக்குச் சொல்லவில்லை. 2019-ல் ஒரு நாள் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த முறை அது டுக்காச்சித்தா என்று தொடங்கவில்லை. அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட் மாற்ற முடியாததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

பாட்டி பச்சைக் கரை போட்ட சேலை கட்டியிருந்தார். நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். எட்டு மணிக்குப் போனவர்களுக்குப் பதினொன்றரைக்கு அழைப்பு. கைரேகை மெஷின் அவர் விரலைப் படிக்கவில்லை. பால் கத்தி பிடித்துத் தேய்ந்த விரல்கள், ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஐந்தாவது முறை எடுத்தது. அட்டை கையில் வந்தபோது இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறந்த தேதி என்று ஒரு தேதி போட்டிருந்தது. "இது யாரு குடுத்த தேதி?" என்றார். பிறகு முந்தானையில் முடிய இடமில்லாமல் என் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார்.

காரில் ஏறி சிலிபின் ரோட்டுக்கு வரும்வரை பேசவில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"இன்னிக்கி ஒனக்குச் சம்பளம் புடிப்பானுங்களாடா?"

"இல்ல பாட்டி. லீவு எடுத்துருக்கேன். சம்பளம் வரும்."

"வேலைக்கிப் போவாமயா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "கிராணிகிட்ட ஒரு தடவ கேட்டுக்க" என்றார்.